ஒரு கரண்டி வெந்தயமும் ஒரு கிண்ணம் கடலையும்

கேள்வி: என் வயது 47. நான்கு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 168, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற ஹெச்.டி.எல். 46, இன்னொரு ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 170 என்று வந்தது. டாக்டர் அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் எல்.டி.எல். 102க்கு இறங்கியது. ஆனால் தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒரே குடைச்சல். மாடிப்படியைப் பார்த்தாலே மலைப்பாக இருந்தது. "அந்த மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது. இயற்கையாகவே குறைக்கலாம்" என்று நாத்தனார் சொன்னார். ஆறு வாரமாக நிறுத்திவிட்டேன். டாக்டருக்குத் தெரியாது. வலி பாதி குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. இப்போது காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, கையோடு ஊறவைத்த வெந்தயம் ஒரு கரண்டி. கொலஸ்ட்ரால் என்று தெரிந்த வாரத்திலிருந்தே வெந்தயம் சாப்பிடுகிறேன். அப்புறம் தேனில் ஊறிய பூண்டு நான்கு பல், மத்தியானம் பட்டைப் பொடி போட்ட வெந்நீர், இரவில் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூல் ஒன்று. இந்த கேப்ஸ்யூலால் எந்தத் தொந்தரவும் இல்லை. குக்குலு மாத்திரையும் சேர்த்துக்கொள்ளலாமா? அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது, அதனால்தான் பயம். மூலிகையையும் உணவையும் மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா, டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் தைராய்டு மாத்திரை, கையோடு வெந்தயம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்தியது அந்த வரிதான்.

தைராய்டு மாத்திரை கொஞ்சம் முறைப்பான ஆசாமி. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போனால்தான் ஒழுங்காக உடம்பில் சேரும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. நார்ச்சத்து, காபி, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எதுவாக இருந்தாலும் பக்கத்தில் வந்தால் மருந்து உடம்பில் சேருகிற அளவு குறையக்கூடும். நாளைக் காலையில் ஊறிய வெந்தயத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று ஒரு பசை ஒட்டும். அதுதான் வெந்தயத்தின் கரையும் நார்ச்சத்து. கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று நாம் வெந்தயத்தைத் தேடிப்போவதே இந்தப் பசைக்காகத்தான். சற்று முன்னால் விழுங்கிய மாத்திரைக்கு இடைஞ்சல் செய்யக்கூடியதும் இதே பசைதான்.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் என்ன ஆகும்? ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.ஐக் கல்லீரல் இழுத்துக்கொள்வது மந்தமாகும், எல்.டி.எல். ஏறும். கைகால் அசதியும் தசைவலியும் வரும். அதே சமயத்தில் ஸ்டாடின் வகை மாத்திரையும் (உங்கள் அடோர்வாஸ்டாடின் அந்த வகைதான்) சாப்பிட்டால் தசைத் தொந்தரவுக்கான வாய்ப்பு இன்னும் கூடும். உங்கள் கதையில் வெந்தயமும் ஸ்டாடினும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஆரம்பித்திருக்கின்றன. ஸ்டாடினை நிறுத்தி ஆறு வாரம் ஆகியும் வலி பாதிதான் போயிருக்கிறது. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெந்தயம்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் உடம்பில் தைராய்டு ஹார்மோன் போதுமா என்று காட்டும் டி.எஸ்.ஹெச். அளவைப் பார்க்காமல் பழி முழுவதையும் ஸ்டாடின் மேல் போடுவதும் நியாயமில்லை.

ஆகவே, இந்த வாரமே டி.எஸ்.ஹெச். பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்கு அடுத்த நாளிலிருந்து வெந்தயத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தால், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்ததுமே விஷயம் புரிந்துவிடும். இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை, எதை எதற்குப் பின்னால் சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்பேன். பாதிப் பதில் அந்த வரிசையில்தான் இருக்கும்.

சரி, இப்போது இரவு கேப்ஸ்யூலுக்கு வருவோம்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி என்பது மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்துப் புளிக்க வைத்தது. அந்தப் பூஞ்சை மொனாகோலின் கே என்ற பொருளை உண்டாக்குகிறது. இந்த மொனாகோலின் கேயும் லோவாஸ்டாடின் என்ற மருந்தும் வேதியியலில் ஒரே மூலக்கூறு. பெயர்தான் வேறு வேறு. லோவாஸ்டாடின், 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் ஸ்டாடின். ஆக, நீங்கள் ஸ்டாடினை விட்டுவிட்டு ஸ்டாடின் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நாத்தனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

இதில் விந்தை ஒன்றுமில்லை. ஸ்டாடின் பிறந்ததே பூஞ்சையில்தான். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்தெடுத்து, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடினார். பென்சிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையில் அது கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து மொனாஸ்கஸ் பூஞ்சையிலிருந்து மொனாகோலின் கேயைப் பிரித்தெடுத்தவரும் அவரேதான். இயற்கை இந்தப் பக்கம், மாத்திரை அந்தப் பக்கம் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு இந்த இடத்தில் அழிந்துபோகிறது.

மாத்திரைக்கும் கேப்ஸ்யூலுக்கும் உண்மையான வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது. 10 மில்லிகிராம் என்று போட்ட மாத்திரையில் 10 மில்லிகிராம் இருக்கும். கேப்ஸ்யூலில்? அமெரிக்காவில் 28 பிராண்டுகளை வாங்கிச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டில் மொனாகோலின் கே அறவே இல்லை. மற்றவற்றில், மிகக் குறைவாக இருந்ததற்கும் மிக அதிகமாக இருந்ததற்கும் 60 மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த மாதம் வாங்கிய டப்பா ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், அடுத்த மாதம் வேறு டப்பா வாங்கினால் அது மருந்தாக வேலை செய்யலாம். உற்பத்தியில் கவனம் தப்பினால் சிட்ரினின் என்ற, சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சும் சேர்ந்து வளரும். 2024இல் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை சாப்பிட்டவர்கள் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அந்தச் சரக்கையே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022இலேயே ஒரு நாளைக்கான அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டது.

கேப்ஸ்யூலை இன்று இரவே நிறுத்துங்கள். முக்கியமாக, டாக்டர் மறுபடியும் ஸ்டாடின் ஆரம்பித்தால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. அது ஸ்டாடின் மேல் ஸ்டாடின். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இந்த கேப்ஸ்யூல் பக்கமே போகக் கூடாது. உங்களுக்காக இல்லாவிட்டாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

"இந்த கேப்ஸ்யூலால் எந்தத் தொந்தரவும் இல்லை" என்ற வரிக்கு இரண்டு விளக்கம் இருக்கலாம். அதில் மருந்தே இல்லாமல் இருக்கலாம். அல்லது, பயந்துகொண்டே விழுங்கும்போது வருகிற வலி, நம்பி விழுங்கும்போது வராமல் இருக்கலாம். இரண்டாவதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்ட 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2020இல் வெளியிட்டார்கள். சில மாதம் ஸ்டாடின், சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் ஒன்றுமே கிடையாது. எந்த மாதம் எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாடின் மாதங்களில் வந்த தொந்தரவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெறும் மாத்திரை மாதங்களிலும் வந்தது. அவர்கள் யாரும் நடிக்கவில்லை. வலி நிஜம்தான், காரணம்தான் மாத்திரைக்குள் இல்லை. நிஜமாகவே ஸ்டாடினால் தசைவலி வருபவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்த வகை என்பதை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது.

குக்குலு வேண்டாம். பழைய மருத்துவ நூல்களில் மரியாதையோடு பேசப்படும் பிசின் அது, எனக்கும் அதன் மேல் ஓர் ஆவல் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து 2003இல் வெளியான ஆய்வில், குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். இறங்குவதற்குப் பதிலாக 4, 5 சதவீதம் ஏறியது. சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வேறு வந்தது.

பூண்டைப் பற்றிச் சொன்னால் பாதி வாசகர்களுக்கு மனசு கஷ்டப்படும் என்று தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்த 192 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பச்சைப் பூண்டு, இரண்டு குழுக்களுக்குப் பூண்டு மாத்திரைகள், ஒரு குழுவுக்கு வெறும் மாத்திரை என்று வாரத்துக்கு ஆறு நாள், ஆறு மாதம் கொடுத்தார்கள். 2007இல் முடிவு வந்தது. எந்தக் குழுவுக்கும் எல்.டி.எல். குறிப்பிடும்படி மாறவில்லை. குழம்பில் போடுங்கள், ருசி அதற்கே உரியது. நான்கு பல்லைத் தேனில் ஊறவைத்து வெறும் வயிற்றில் விழுங்கி நெஞ்செரிச்சலை வாங்கிக்கொள்ள வேண்டாம். தேன் சர்க்கரைதான். உங்களுக்கு ட்ரைகிளிசரைடு 170 இருக்கிறது, அது சர்க்கரைக்கும் மாவுச்சத்துக்கும் சீக்கிரம் ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் பூண்டை மருந்து அளவில் சாப்பிட்டால் ரத்தக்கசிவுக்கும் வழி உண்டு.

பட்டைக்கும் இதே கதிதான். 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பட்டை, பூண்டு, மஞ்சள், மீன் எண்ணெய், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறு சப்ளிமென்ட்களை ரோசுவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் 5 மில்லிகிராமோடு 28 நாள் ஒப்பிட்டார்கள். 5 மில்லிகிராம் என்பது ரொம்பச் சின்ன அளவு. அதில் எல்.டி.எல். சுமார் 38 சதவீதம் குறைந்தது. ஆறு சப்ளிமென்ட்களில் ஒன்றுகூட வெறும் மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி மேலாக வரவில்லை. 28 நாள் போதாது என்று வாதிடலாம், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அதே 28 நாளில் ரோசுவாஸ்டாடின் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, கடையில் கிடைக்கும் பட்டையில் பெரும்பாலானது காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. மஞ்சளும் கிரீன் டீயும் அப்படித்தான். சமையலிலும் கோப்பையிலும் இருக்கிறவரை சாதுவாக இருக்கும். சாறு இறக்கிச் செறிவாக்கி கேப்ஸ்யூலில் அடைத்தால் சிலருக்குக் கல்லீரல் வீங்கியிருக்கிறது.

இவ்வளவு படித்தபின், "அப்படியானால் உணவால் ஒன்றும் ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஆகும், தாராளமாக ஆகும். ஆனால் அது கரண்டியில் வராது, கிண்ணத்தில்தான் வரும். நீங்கள் சாப்பிடும் எல்லாமே கரண்டிக் கணக்கு, பல் கணக்கு, சிட்டிகைக் கணக்கு. மருந்து மாதிரி கொஞ்சமாகச் சாப்பிட்டு மருந்து மாதிரி பலன் எதிர்பார்க்கிறீர்கள்.

உடம்பு கொலஸ்ட்ராலை எப்படிக் கையாள்கிறது என்று தெரிந்தால் கிண்ணம் ஏன் வேண்டும் என்பது புரியும். கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்து பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைச் செரிக்க அது வேண்டும். வேலை முடிந்ததும் குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி மறுபடியும் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். சிக்கனமான குடும்பம் எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற மாதிரி. இந்தச் சுழற்சிக்கு நடுவே பசைபோன்ற நார்ச்சத்து போய் உட்கார்ந்தால் பித்த அமிலம் அதில் மாட்டி மலத்தோடு வெளியேறும். கையிருப்பு குறைந்த கல்லீரல், புதிதாகச் செய்ய ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.ஐ இழுக்கும். அதற்காகத் தன் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகளை, அதாவது எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் கதவுகளை, கூட்டிக்கொள்ளும். அந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாடின் வேலை செய்வதும் கடைசியில் இந்த ஏற்பிகள் வழியாகத்தான். அது கல்லீரலின் சொந்தத் தயாரிப்பை முடக்குகிறது, கல்லீரல் ரத்தத்திலிருந்து இழுக்கிறது. கதவு ஒன்றுதான். ஆனால் குடலுக்குள் தினமும் ஓடுகிற பித்தத்தைப் பிடித்து வைக்க ஒரு கரண்டிப் பசை எந்த மூலைக்கு?

கனடாவின் டேவிட் ஜென்கின்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். ஓட்ஸ், பார்லி, இசப்கோல், வெண்டைக்காய், கத்தரிக்காய், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின். ஒவ்வொன்றும் தனியாகக் கொஞ்சம்தான் குறைக்கும், எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தால் என்ன என்று பார்த்தார். 46 பேர், நான்கு வாரம். சாப்பாட்டையே ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். எல்.டி.எல். 28.6 சதவீதம் இறங்கியது. லோவாஸ்டாடின் 20 மில்லிகிராம் சாப்பிட்ட குழுவுக்கு 30.9 சதவீதம். 2003இல் இந்த முடிவு வந்தபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் பாதியைத்தான் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. அதே உணவை வீட்டிலேயே செய்து சாப்பிடச் சொல்லி, ஆலோசனை மட்டும் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த முடிவில் குறைந்தது 13 முதல் 14 சதவீதம். என்னைக் கேட்டால் இந்த 13தான் நேர்மையான எண். நம் அடுப்படியில் ஆய்வாளர் யாரும் நிற்பதில்லை.

சரி, அந்த 13ஐ எப்படிப் பிடிப்பது?

ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டும். உலர்ந்த ஓட்ஸ் கணக்கில் அது சுமார் 75 கிராம். எடை போட்டுப் பாருங்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். கஞ்சி ஆறும்போது கரண்டியில் இழுபட்டு வரும் அந்தக் கொழகொழப்புதான் வேலை செய்யும் சரக்கு. சர்க்கரை போட்டு, பழ வாசனை சேர்த்து, சின்னப் பொட்டலத்தில் வருகிற ஓட்ஸை வாங்காதீர்கள். தினமும் ஓட்ஸ் என்றால் யாருக்கும் அலுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பார்லியை முழுதாக வேகவைத்து அரிசிக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள்.

இசப்கோல் உமி ஒரு நாளைக்கு சுமார் 10 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. எல்.டி.எல். ஏறக்குறைய 7 சதவீதம் வரை குறையும். கடையில் மலச்சிக்கலுக்கு என்று விற்கும் அதே உமிதான். ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் விட்டால் கூழாகிவிடும். தண்ணீர் குறைவாக இருந்தால் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ அடைத்துக்கொள்ளும். முதல் வாரம் அரைக் கரண்டியில் ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும். எந்த மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் உங்களுக்குத் தோதாக இருக்கும்.

பயறு வகைகளுக்கு நான் தனிப்பட்ட முறையில் ரசிகன். கொண்டைக்கடலை, ராஜ்மா, பட்டாணி, துவரை, எது வேண்டுமானாலும் சரி. வேகவைத்தது ஒரு நாளைக்கு 130 கிராம், அதாவது ஒரு நடுத்தரக் கிண்ணம். 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இது எல்.டி.எல்.ஐ சுமார் 5 சதவீதம் குறைத்தது. எண் சின்னதுதான். ஆனால் அந்தக் கிண்ணம் தட்டில் வந்து உட்கார்ந்தால் வேறு எதையோ வெளியே தள்ளுகிறது. பொரித்ததையோ, கறியையோ, மூன்றாவது கரண்டி சோற்றையோ. அந்த லாபம் தனிக்கணக்கு.

பாதாம், வால்நட், வேர்க்கடலை, எதுவானாலும் உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் வறுத்தது ஒரு கைப்பிடி. ஆளிவிதையை வறுத்துப் பொடித்துச் சாப்பிடுங்கள். முழுசாக விழுங்கினால் போன மாதிரியே வெளியே வந்துவிடும். வெந்தயத்தையும் விட வேண்டாம். சாயங்காலம் அது உங்களோடு இருக்கட்டும், சர்க்கரைக்கும் கொஞ்சம் நல்லது.

தட்டில் என்ன சேர்ப்பது என்று மட்டும்தான் எல்லோரும் கேட்கிறார்கள், எதை எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. வெண்ணெய், நெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் இவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. ஓட்ஸ் திறக்கும் கதவை இவை சாத்துகின்றன. தேங்காய் எண்ணெய் 'இயற்கை' என்ற பெயரில் தப்பித்துக்கொண்டே இருக்கிறது. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்.டி.எல்.ஐ ஏற்றுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. காலை ஓட்ஸ் கஞ்சியில் இரண்டு கரண்டி நெய் விட்டுக்கொண்டு வந்து, "ஓட்ஸ் எனக்கு வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காபியிலும் ஒரு சங்கதி உண்டு. காகித வடிகட்டி வழியாக இறங்காமல், தூளோடு கொதிக்க வைத்த காபியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப்பொருள் தங்கிவிடும். அது எல்.டி.எல்.ஐ ஏற்றும். நாளைக்கு ஒன்றென்றால் கவலை இல்லை, நாலைந்து என்றால் வடிகட்டியை மாற்றுங்கள்.

இனி உங்கள் கணக்கு. 168இல் 13 சதவீதம் போனால் 146. நெய், எண்ணெய் விஷயத்திலும் கறாராக இருந்தால் 140க்கு வரலாம். உங்கள் அப்பாவுக்கு 52இல் மாரடைப்பு வராமல் இருந்திருந்தால், "மூன்று மாதம் உணவிலேயே பார்ப்போம்" என்று நானும் தயங்காமல் சொல்லியிருப்பேன். ஆண்களுக்கு 55க்கு முன்னால் மாரடைப்பு என்றால் அது சீக்கிரம் வந்ததாகக் கணக்கு. அவருடைய பிள்ளைகளுக்கு அது ஒரு கூடுதல் எச்சரிக்கை. உங்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது வேறு நெருங்குகிறது. அந்தக் காலத்தில் எல்.டி.எல். தானாகவே ஏறும். எல்.டி.எல். ஒவ்வொரு 39 புள்ளி குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது என்று பெரிய ஸ்டாடின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 168க்கும் 102க்கும் இடையே இருப்பது 66 புள்ளி. அவ்வளவையும் தட்டிலேயே பிடிக்க முடியும் என்று உங்களுக்கு ஆசை காட்ட நான் தயாராக இல்லை. தைராய்டு சரியானால் 168 என்ற எண்ணே கொஞ்சம் மாறலாம். அதனால்தான் டி.எஸ்.ஹெச்.ஐ முதலில் வைத்தேன்.

உணவும் மாத்திரையும் போட்டியாளர்கள் இல்லை. ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். இன்னும் ஒரு 6 சதவீதம்தான் இறங்கும். ஒழுங்காகச் சாப்பிடும் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்துவிடும். மாத்திரை அளவு குறைவாக இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், அதற்கு வழி இதுதான்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தேன் பூண்டு பாட்டிலையும் சேர்த்துத்தான். திட்டுவார் என்று பயப்பட வேண்டாம். மறைத்தால்தான் சிக்கல். நீங்கள் மாத்திரை சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, ஏறிய எல்.டி.எல்.ஐப் பார்த்து அளவைக் கூட்டி எழுதுவார். வலியைப் பற்றி எங்கே, எப்போது, இரண்டு காலிலுமா என்று விவரமாகச் சொல்லுங்கள். தசை நொதி சி.கே. பார்க்கச் சொல்லலாம். குறைந்த அளவில் ஆரம்பிக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் இருக்கிறது. ஒரு ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாத அளவுக்குப் பலவீனம் வந்தாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

கொலஸ்ட்ரால் பரிசோதனையை வாராவாரம் எடுக்காதீர்கள். மாத்திரையோ உணவோ மாறினால் ஆறு வாரத்துக்கு அப்புறம் எடுத்தால்தான் அர்த்தம். அதே லேபில் எடுங்கள். ஒரே ஆளுக்கு ஒன்றும் மாறாமலேயே எல்.டி.எல். பத்துப் புள்ளி முன்னே பின்னே வரும்.

நாளைக் காலை தைராய்டு மாத்திரையை ஒரு தம்ளர் தண்ணீரோடு மட்டும் போட்டுக்கொண்டு லேபுக்குக் கிளம்புங்கள். ஓட்ஸ் கஞ்சி திரும்பி வந்து காய்ச்சிக்கொள்ளலாம். டி.எஸ்.ஹெச். எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.